கிழக்கை அடைத்துவிட்ட பிளான்

கேள்வி: ஐயா, விக்கிரவாண்டியில் ஒரு லேஅவுட்டில் 30-க்கு 60 மனை வாங்கியிருக்கிறோம். மேற்கு பார்த்தது. முன்னால் 23 அடி சாலை, பின்னால் இப்போதைக்குக் கரும்புக் கொல்லை. நான் பள்ளி ஆசிரியை. கணவர் பட்டறை வைத்திருக்கிறார். மாமியாருக்கு 71 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். மகள் ஒன்பதாவது, மகன் ஐந்தாவது. இப்போது கீழ்த்தளம் மட்டும் கட்டிக்கொண்டு, கடன் ஓரளவு அடைந்ததும் மாடி எடுத்து வாடகைக்கு விடலாம் என்று எண்ணம்.

இன்ஜினியர் போட்டுக் கொடுத்த பிளானில் வீடு 23-க்கு 42. தெற்குப் பக்கம் முழுதும் 10 அடி அகலம்: கன்னி மூலையில் எங்கள் பெட்ரூம் 11 அடி நீளம், அதை ஒட்டி 4 அடியில் அட்டாச்டு பாத்ரூம், பிறகு இரண்டாவது பெட்ரூம் 10 அடி, சமையலறை 10 அடி, கடைசியில் 4 அடிக்கு ஒரு வேலை அறை. வடக்குப் பக்கம் 11 அடி அகலம்: ஹால் 16 அடி, சாப்பிடும் இடம் 10 அடி, 7 அடியில் உள்மாடிப்படி, கடைசியில் பூஜை அறையும் ஸ்டோரும். பொதுக் கழிப்பறை வெளியே, பின்பக்கம். முன்னால் 5 அடி விட்டால் போதுமாம், போர்டிகோவுக்காக 10 அடி விட்டிருக்கிறார். தரைமட்டம் சாலையிலிருந்து ஒன்றரை அடி.

என் சந்தேகங்கள்: மாமியார் ராத்திரியில் பின்பக்கம் இறங்கிப் போவது எப்படி? ஹாலை இன்னும் பெரிதாக்க முடியுமா? மகளுக்கு மூன்றாவது அறை எடுக்கலாமா? பெட்ரூம் முதலில் 12 அடியாக இருந்தது. மனையடிக்கு ஆகாது என்று சொந்தக்காரர்கள் 11 ஆக்கினார்கள், அது சரியா? 2024 டிசம்பர் வெள்ளத்தில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர் ஏறியது. ஒன்றரை அடி உயரம் போதுமா? இதற்குள் மூன்று முறை பிளானை மாற்றச் சொல்லி இன்ஜினியர் சலித்துக்கொள்கிறார். இன்னும் மாற்றச் சொல்லலாமா?

– ஒரு வாசகி, விக்கிரவாண்டி

பதில்: சொல்லலாம். காகிதத்தில் கோட்டை அழிக்க ஒரு ரப்பர் போதும், கான்கிரீட்டை அழிக்க பிரேக்கர் மெஷின் வேண்டும். அதற்காக வாரத்துக்கொரு யோசனையைப் போனில் சொன்னால் எந்த இன்ஜினியரும் சலித்துக்கொள்ளத்தான் செய்வார். எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, ஒரே முறை உட்கார்ந்து பேசுங்கள். அந்தத் தாளில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்கிறேன்.

உங்கள் இன்ஜினியர் கெட்டிக்காரர்தான். 23 அடி அகலத்தில் வாஸ்துவையும் பட்ஜெட்டையும் ஒன்றாக உட்கார வைப்பது லேசான காரியம் இல்லை. ஆனால் இதே பிளானை அப்படியே எடுத்துப்போய் சேலத்திலும் கட்டலாம், சிவகாசியிலும் கட்டலாம். விக்கிரவாண்டியின் மழையும் வெயிலும் காற்றும் அதில் எங்கேயும் இல்லை.

மழையிலிருந்து ஆரம்பிக்கிறேன். சுவரைக்கூடப் பின்னால் இடித்து மாற்றிக்கொள்ளலாம், தரைமட்டத்தை மாற்ற வழியே கிடையாது. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையேறியபோது, டிசம்பர் 1 காலை வரையிலான 24 மணி நேரத்தில் மயிலத்தில் மட்டும் 51 சென்டிமீட்டர் மழை பதிவானது. திண்டிவனத்தில் 37. மறுநாள் விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்களை நிறுத்தினார்கள். வாடகை வீட்டில் தண்ணீர் ஏறியதை எழுதியிருக்கிறீர்கள். மனையில் அன்று எவ்வளவு நின்றது என்று எழுதவில்லை. அதுதான் வேண்டும். எதிர்வீட்டுக்காரரிடமும் கரும்புக் கொல்லைக்காரரிடமும் கேளுங்கள். சாலையோர மின்கம்பத்தில் எந்த இடம் வரை நின்றது என்று கையை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு பேர் ஒரே இடத்தைக் காட்டினால் அங்கே பெயின்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

வீட்டின் தரை அந்தக் கோட்டுக்கு ஒரு அடி மேலே, அல்லது சாலையின் நடுமட்டத்திலிருந்து 3 அடி, இரண்டில் எது அதிகமோ அது. ஒன்றரை அடி நிச்சயம் போதாது. லேஅவுட் சாலை இன்று இருக்கும் மட்டத்தில் நிற்காது. தார் போடுவார்கள், சில வருடம் கழித்து அதைச் சுரண்டாமல் அதன் மேலேயே இன்னொரு தார் போடுவார்கள். வாசற்படி தெருவுக்குக் கீழே போய்விட்ட வீடுகள் இல்லாத ஊர் உண்டா? தரையை உயர்த்தக் கொட்டுகிற கிராவலை முக்கால் அடிக்கு ஒரு அடுக்காகப் போட்டு, தண்ணீர் விட்டு, திம்சு போட்டு இறுக்க வேண்டும். மொத்தமாக லாரியில் கவிழ்த்து மேலே பி.சி.சி. போட்டால் இரண்டு மழைக்காலத்தில் டைல்ஸ் உள்வாங்கும்.

3 அடி என்றால் மாமியார் எப்படி ஏறுவார் என்ற கேள்வி உடனே வருகிறது. முன்னால் இருக்கும் 10 அடியை உங்கள் கேட்டிலிருந்து வீட்டை நோக்கி ஒரு அடி ஏறும் சரிவாகவே போட்டுவிடுங்கள். ஸ்கூட்டருக்கும் நல்லது, மழைத்தண்ணீரும் வெளியே ஓடும். மிச்சம் இரண்டு அடிக்கு நாலே படி. ஒவ்வொன்றும் 6 அங்குல உயரம், மிதிக்கும் இடம் ஒரு அடி, இரண்டு பக்கமும் பிடித்து ஏறக் கம்பி. முழங்கால் வலிக்காரருக்குப் படிகளின் எண்ணிக்கையைவிட ஒவ்வொரு படியின் உயரம்தான் எமன். நம்மூர் மேஸ்திரிகள் ஒரு படியை மிச்சப்படுத்த எட்டு அங்குலம் வைத்துவிடுவார்கள். நீங்கள் டேப்போடு பக்கத்தில் நில்லுங்கள்.

வெள்ளத்தோடு சேர்ந்த சில்லறை விஷயங்களையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். சம்ப் மூடியை வெள்ளக் கோட்டுக்கு மேலே உயர்த்திக் கட்டுங்கள், இல்லாவிட்டால் சாக்கடை நேராகக் குடிநீரில் கலக்கும். செப்டிக் டேங்க் குழாயில் திரும்பி வராத வால்வு ஒன்று போடச் சொல்லுங்கள். வெள்ளத்தின்போது வீட்டுக்குள் முதலில் வருவது தெருத் தண்ணீர் இல்லை, கழிப்பறை வழியாகத் திரும்பி வருவதுதான். டேங்க் வாயு மூலையில் முன்பக்கமும் போர் ஈசானியத்தில் பின்பக்கமும் வந்தால் நடுவே கிட்டத்தட்ட 50 அடி கிடைக்கும். இந்த ஒரு விஷயத்தில் வாஸ்துவும் சுகாதாரமும் ஒரே கட்சி. மீட்டர் பெட்டி நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்தே தமிழ்நாட்டில் கட்டாயம். உங்கள் 966 சதுர அடி மொட்டைமாடியில் ஒரு சென்டிமீட்டர் பெய்தாலே சுமார் 900 லிட்டர் வரும். மயிலத்தில் பெய்த அளவு பெய்தால் 45,000 லிட்டர். அதனால் சேகரிப்புக் குழி நிரம்பினால் தண்ணீர் வெளியேற ஒரு வழியும் வேண்டும், அந்த வழி உங்கள் கடைக்காலை நோக்கி இருக்கக் கூடாது.

இனி பிளானின் பெரிய குறைக்கு வருகிறேன். தாளை மேஜையில் வைத்துக் கிழக்குச் சுவரை மட்டும் பாருங்கள். தெற்கு முனையில் வேலை அறை, வடக்கு முனையில் பூஜை அறை, நடுவில் ஸ்டோர். ஜன்னல் என்று சொல்லிக்கொள்ள இரண்டு சின்ன வென்டிலேட்டர்கள். உங்களுக்குக் கடல் மரக்காணத்துப் பக்கம். சித்திரை, வைகாசிப் பிற்பகலில் வெயில் சாயும் நேரத்தில் உடம்புக்கு இதமாக வரும் ஒரே காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும்தான் வரும். அது வீட்டைத் தொடும் இடத்தில் அரிசி மூட்டையையும் வாஷிங் மெஷினையும் காவலுக்கு நிறுத்தியிருக்கிறீர்கள். மறுபக்கம் மேற்கில், மதியம் இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை வெயில் அறையும் சுவரில், ஹாலையும் நீங்கள் படுக்கும் அறையையும் வைத்திருக்கிறீர்கள். ஏ.சி. போட்டுக்கொள்ளலாம்தான். ஆனால் மின் கட்டணம் கட்டப்போவது கடன் தவணையும் கட்டுகிற அதே சம்பளத்திலிருந்து.

மாற்றம் மாடிப்படியில் தொடங்குகிறது. இப்போது அது வீட்டின் நடு வயிற்றில் 77 சதுர அடியைத் தின்றுகொண்டு, ஹாலையும் பின்பகுதியையும் இரண்டாக வெட்டுகிறது. மாடியை வாடகைக்கு விடப் போகிறீர்கள் என்றால் குடித்தனக்காரர் உங்கள் சாப்பாட்டு மேஜையைக் கடந்தா மேலே போவார்? அதை வடமேற்கு மூலைக்குக் கொண்டுவாருங்கள். உங்கள் மாடிப்படிக்கு ஆறரை அடி அகலமும் பத்தரை அடி நீளமும் போதும். முன்னால் உபரியாக விட்டிருக்கும் 5 அடியை அதற்குக் கொடுத்தால், வீட்டுக்குள் அது எடுப்பது ஐந்தரை அடி நீளம்தான். பக்கத்தில் மிஞ்சும் 4 அடி சிட்அவுட். நாலு படி ஏறி சிட்அவுட்டுக்கு வந்தால் நேரே தலைவாசல், இடது கைப்பக்கம் மாடிப்படி. உங்கள் கதவைத் தாழிட்டுவிட்டுத் தூங்கலாம், மேலே இருப்பவர் இரண்டாம் ஆட்டம் முடிந்து வந்தாலும் உங்களுக்குத் தெரியாது. மேற்கு வெயிலையும் இந்தப் படிக்கட்டுச் சுவர் வாங்கிக்கொள்ளும், ஹாலுக்குப் போகாது. படிக்கட்டு சூடானால் யாருக்கு என்ன?

அதற்குப் பின்னால் வடக்குப் பக்கம் முழுதும் சுவரே இல்லாமல் ஓடட்டும்: ஹால் 14 அடி, படிக்கும் இடம் 7 அடி, சாப்பிடும் இடம் ஒன்பதரை அடி, கடைசியில் கம்பி வலை போட்ட 4 அடி பின்தாழ்வாரம். சாப்பிடும் இடத்துக்கும் தாழ்வாரத்துக்கும் நடுவே உள்ள கிழக்குச் சுவரில் ஒரு கதவும் 5 அடி ஜன்னலும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும் மழையைத் தாழ்வாரம் தடுக்கும், அதனால் ஜன்னலை மூட வேண்டியதில்லை. ஆனி, ஆடியில் பகலெல்லாம் மேல்காற்று அடிக்கும்போது இதே வழி திசை மாறி வேலை செய்யும். வாஷிங் மெஷின், கிரைண்டர், கேஸ் சிலிண்டர் மூன்றும் தாழ்வாரத்துக்குப் போய்விடும். பூஜைக்குத் தனி அறை வேண்டாம். சாப்பிடும் இடத்தின் வடகிழக்கு மூலையில் இரண்டு கதவு போட்ட மாடம் போதும், சாமிக்கும் காற்று வரும்.

ஹாலைப் பெரிதாக்கக் கேட்டீர்கள், நான் இரண்டு அடியைக் குறைத்திருக்கிறேன். பயப்பட வேண்டாம். இன்றைய பிளானில் ஹாலில் உட்கார்ந்தால் சாப்பிடும் இடத்தைத் தாண்டி மாடிப்படிச் சுவர் நிற்கிறது, அதற்கப்பால் இருட்டு. புதியதில் உட்கார்ந்த இடத்திலிருந்து பின்ஜன்னல் வரை 30 அடி கண்ணுக்குக் கிடைக்கும். பந்தி போட வேண்டிய நாளில் அந்த 30 அடியும் உங்களுடையது.

மகளுக்கு மூன்றாவது அறை இப்போது வேண்டாம் என்பதே என் கருத்து. கீழே எங்கே எடுத்தாலும் அது கிழக்கை மறுபடி அடைக்கும். அவள் பாட்டியோடு இரண்டாவது அறையில் படுக்கப் போகிறாள் என்று வைத்துக்கொள்கிறேன். சிக்கல் படுப்பதில் இல்லை, விளக்கில் இருக்கிறது. பாட்டி எட்டரைக்குத் தூங்குவார், பொதுத்தேர்வு வருடத்தில் பேத்தி பதினொன்று வரை உட்கார்ந்திருப்பாள். அதற்குத்தான் நடுவில் அந்த 7 அடி. வடக்குச் சுவரில் பெரிய ஜன்னல், அதை ஒட்டி 2 அடி அகலத்தில் சுவரோடு கட்டிய கடப்பாக் கல் மேஜை, இரண்டு பேருக்கு இடம். வடக்கு வெளிச்சம் நாள் முழுக்க ஒரே சீராக இருக்கும், கண் கூசாது. பாட்டி அறைக் கதவு பக்கத்திலேயே இருக்கிறது, சாத்திவிட்டால் விளக்கு உள்ளே போகாது. டி.வி.யை ஹாலின் எந்தச் சுவரில் மாட்டுவது என்பதை மட்டும் குடும்பச் சண்டையாக இப்போதே போட்டு முடித்துவிடுங்கள். மேஜையில் உட்கார்ந்தால் திரை தெரியக் கூடாது.

இனி மாமியாரின் கழிப்பறை. பொதுக் கழிப்பறையைப் பின்பக்கம் வைப்பது நம் பக்கத்து வழக்கம், பழைய வீடுகளில் அதற்கு நியாயமும் இருந்தது. இன்று 71 வயதுக்காரரை மழை ராத்திரியில் தாழ்ப்பாள் திறந்து படி இறங்க வைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. தெற்குப் பக்கத்தின் 40 அடியை மறுபடி பங்கிடுங்கள்: உங்கள் பெட்ரூம் 11, முதல் கழிப்பறை நாலரை, இரண்டாவது கழிப்பறை 5, பாட்டி அறை 10, சமையலறை எட்டரை. நடுச்சுவர்களோடு கணக்கு சரியாக வரும். இரண்டு கழிப்பறையும் முதுகோடு முதுகு ஒட்டி இருப்பதால் குழாய் எல்லாம் ஒரே சுவரில் போய்விடும், பிளம்பர் செலவு குறையும்.

5 அடிக் கழிப்பறை பாட்டி அறையிலிருந்து திறக்கட்டும். கதவு இரண்டே முக்கால் அடி அகலம், வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். உள்ளே யாராவது விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும். வாசலில் படி வேண்டாம், அரை அங்குலச் சரிவு போதும். பிடிகம்பி எங்கே வரும் என்று இப்போதே குறித்தால் அந்த இடத்தில் கெட்டியான கல்லாக வைத்துக் கட்டுவார்கள். டைல்ஸ் ஒட்டிய பிறகு டிரில் போட்டு மாட்டிய கம்பி, ஆள் பாரத்தைத் தாங்க வேண்டிய அன்றைக்குத்தான் கழன்று வரும். இந்தக் கழிப்பறைக்கு 10 அடி நீளம் தேவையில்லை. ஏழரை போக மிச்சத்தை ஹால் பக்கம் திறக்கும் அலமாரி ஆக்குங்கள். பாய், தலையணை, பண்டிகைப் பாத்திரம் எல்லாம் அதில். ஸ்டோர் போய்விட்டதே என்ற கவலைக்கு அது பதில்.

நாலரை அடிக் கழிப்பறை பொதுவுக்கு. 7 அடி நீளம் கழிப்பறைக்கு, முன்னால் 3 அடியில் வாஷ்பேசின். கழிப்பறைக் கதவு அந்த வாஷ்பேசின் இடத்தில் திறப்பதால் ஹாலில் உட்கார்ந்தவருக்குத் தெரியாது. உங்களுக்கு அட்டாச்டு பாத்ரூம் போய்விடுகிறது, தெரியும். பத்து அடி நடந்தால் போதும். இரண்டு பக்கமும் கதவு வைத்துவிடலாமே என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். அப்படிப்பட்ட எல்லா வீட்டிலும் யாரோ ஒருவர் மறுபக்கத் தாழ்ப்பாளை எடுக்க மறந்துவிட்டுப் பள்ளிக்கூடம் போயிருப்பார்.

ஜன்னலைப் பற்றி ஒரு கணக்கு. நம் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, புழுக்கமான ஊர்களில் அறையின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது திறப்பு இருக்க வேண்டும் என்கிறது. பாட்டி அறை 100 சதுர அடி, ஆக 16-க்கு மேல் வேண்டும். பிளானில் 4-க்கு 4 ஜன்னல் போட்டிருப்பதால் 16 சரியாக இருப்பதுபோலத் தெரியும். ஆனால் குறிப்பில் யு.பி.வி.சி. ஸ்லைடிங் என்று இருக்கிறது. ஸ்லைடிங்கில் திறப்பது எப்போதும் பாதிதான், எட்டு சதுர அடி. பழையபடி கதவு வைத்த ஜன்னல் போடுங்கள், 5 அடி அகலத்தில். தெற்குப் பக்கம் மூன்றரை அடி சந்துதான் இருக்கிறது, நாளைக்குப் பக்கத்து மனையில் வீடு எழும்பும். அதனால் கூரையை ஒட்டியும் ஒரு வென்டிலேட்டர் வைத்துவிடுங்கள், சூடான காற்று வெளியேற வழி வேண்டும்.

சமையலறை அக்னி மூலையில் இருப்பதில் எனக்கு மறுப்பில்லை. கிழக்கு பார்த்து நின்று சமைப்பதும் நல்லதே, காலை வெளிச்சம் கிடைக்கும். அடுப்பை மட்டும் ஜன்னலுக்கு நேராக வைக்காதீர்கள். சாயங்காலக் காற்றில் பர்னர் அலைபாயும், பால் காய அரைமணி ஆகும். ஜன்னலுக்கு நேராக சிங்க், மூலையை ஒட்டி அடுப்பு, அதன் தலைக்கு மேலே தெற்குச் சுவரில் எக்ஸாஸ்ட். காற்று கிழக்கிலிருந்து வீட்டுக்குள் வருகிறது என்பதால் தாளிப்பு நெடியும் அதே வழியில் ஹாலுக்கு வரும். எக்ஸாஸ்டும் ஒரு கதவும் இருந்தால் சமாளிக்கலாம். திறந்த கிச்சன் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள், கருவாடு வறுக்கும் வீட்டுக்கு அது ஒத்துவராது.

மனையடி விஷயம். 12 ஆகாது, 11 ஆகும் என்று குறைத்தார்கள். குறைத்ததில் நஷ்டம் ஒன்றுமில்லை. ஆறேகால் அடி கட்டில் போட்டால் கால்மாட்டில் நாலே முக்கால் அடி மிஞ்சுகிறது, தாராளமாக நடக்கலாம். வீட்டுப் பெரியவர்கள் மனம் நிம்மதியாக இருக்க ஓர் அடி சின்ன விலைதான். ஆனால் அந்த 11 அடி பூச்சுக்கு முன்னா பின்னா என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு பதில் வரும். பூச்சு இரண்டு பக்கமும் சேர்ந்து ஓர் அங்குலத்துக்கு மேல் எடுத்துவிடும். அவர்களிடமே கேட்டுத் தாளில் எழுதிவிடுங்கள், கிரகப்பிரவேசத்தன்று டேப் பிடிக்கிற மாமா ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார். என் கவலை வேறு. நடுச்சுவர் நாலரை அங்குலம், காலம் 9 அங்குலம். மிச்சம் நாலரை அங்குலம் ஏதாவது ஓர் அறையின் மூலையில் துருத்திக்கொண்டு நிற்கும். அது பெட்ரூமில் நின்றால் பீரோ சுவரோடு ஒட்டாது. துருத்தல் எல்லாம் ஹால் பக்கமும் அலமாரிப் பக்கமும் வருமாறு காலம்களைத் திருப்பச் சொல்லுங்கள்.

உங்கள் பெட்ரூம் தென்மேற்கில் இருப்பதால் சூடாகத்தான் இருக்கும். வாஸ்துவை விட மனமில்லை என்றால் சூட்டைக் குறைக்கும் வழியைப் பாருங்கள். மேற்குச் சுவரில் ஜன்னலைச் சின்னதாக்கி, சுவர் நீளத்துக்கும் உள்பக்கம் துணி அலமாரி கட்டுங்கள். போர்டிகோ கூரையை அந்த அறையின் முன்னாலும் நீட்டிவிடுங்கள். அந்த ஒரு சுவரை மட்டும் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறி கட்டுமுறையில் கட்டச் சொல்லலாம். செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விடும் முறை அது. கல்லும் சுமார் கால்வாசி குறையும், சூடும் மெதுவாகத்தான் உள்ளே வரும். அதைப் பழகிய கொத்தனார் கிடைத்தால் மட்டும் செய்யுங்கள், புதிதாகக் கற்றுக்கொள்ளும் இடமாக உங்கள் வீடு ஆகக் கூடாது. முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரோவில்லுக்குப் போய் அங்குள்ள பார்வையாளர் மையத்தைப் பாருங்கள். அழுத்திச் செய்த மண்கட்டிகளால் கட்டப்பட்டு, 1992-ல் ஹசன் ஃபாத்தி பெயரிலான கட்டடக்கலை விருது வாங்கியது. உங்கள் ஊரின் அதே வெயில்தான் அங்கும். மதியம் மூன்று மணிக்கு அதன் வளைவுகளின் நிழலில் நின்றுவிட்டு வந்து உங்கள் சன்ஷேடின் ஒன்றரை அடியைப் பாருங்கள், இரண்டரை ஆக்கத் தோன்றும்.

அனுமதியில் ஒரு சிக்கல் இருக்கிறது. 2500 சதுர அடிக்குள் மனை, 3500 சதுர அடிக்குள் கட்டடம், கீழும் ஒரு மாடியும் என்றால் 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே உடனடியாக அனுமதி கிடைக்கும். உங்கள் வீடு அதில் பொருந்துகிறது. ஆனால் அந்த முறை வந்தபோது உயர வரம்பு 7 மீட்டராக இருந்தது, இன்றைய வரம்பைக் கேட்டுக்கொள்ளுங்கள். 7 மீட்டர் என்பது கிட்டத்தட்ட 23 அடி. பீடம் 3 அடி, கீழ்த்தளம் 10, மாடி 10 என்றால் நூலிழையில் தொடுகிறது. பிளானில் ஒரு தளத்துக்குப் பத்தரை அடி போட்டிருக்கிறார், அப்படியே பீடத்தை உயர்த்தினால் தாண்டிவிடும். தளத்தை 10 அடியாக்கினாலும் உள்ளே ஒன்பதரை அடி கிடைக்கும், ஃபேனுக்கும் லாஃப்ட்டுக்கும் போதும். உயரத்தை எந்த மட்டத்திலிருந்து அளப்பார்கள், பக்கவாட்டில் விட்டிருக்கும் மூன்றரை அடி உங்கள் மனை அகலத்துக்குப் போதுமா என்ற இரண்டையும் பேரூராட்சியில் கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு பதிவேற்றச் சொல்லுங்கள். சுயசான்று என்றால் கையெழுத்துப் போட்டு உறுதி சொல்வது நீங்கள்தான்.

பதிவேற்றும் முன் ஒரு காரியம். ஒரு மூட்டைச் சுண்ணாம்புத் தூள் வாங்கி, புது பிளானை மனையிலேயே முழு அளவில் கோடு போடச் சொல்லுங்கள். மேஸ்திரிக்கு அரைநாள் வேலை. பாட்டி அறை இருக்கும் இடத்தில் ஒரு கயிற்றுக் கட்டிலைப் போடுங்கள், சாப்பிடும் இடத்தில் நாலு நாற்காலி, சமையலறையில் ஒரு ஸ்டூல். சாயங்காலம் நாலு மணிக்குக் குடும்பத்தோடு போய் இருட்டும் வரை இருங்கள். மாமியார் கட்டிலிலிருந்து எழுந்து கழிப்பறைக் கோடு வரை நடக்கட்டும், எங்கே கையை நீட்டிப் பிடிமானம் தேடுகிறார் என்று பாருங்கள். பிடிகம்பி வர வேண்டிய இடம் அது. நீங்கள் அடுப்பிலிருந்து மேஜைக்கு ஒரு பாத்திரத்தோடு நடந்து பாருங்கள். கூரையும் சுவரும் இல்லாமல் வெறும் தரையில் பார்த்தால் எல்லா அறையும் சின்னதாகத்தான் தெரியும். அதற்காக அங்கேயே நின்று ஒவ்வொன்றிலும் ஓர் அடி கூட்டாதீர்கள். கட்டிலும் நாற்காலியும் போட்ட பிறகு நடக்க இரண்டரை அடி இருக்கிறதா என்பதே கேள்வி.

இன்ஜினியரிடம் கொண்டுபோகும் தாளில் கடைசியாக இதை எழுதுங்கள். மாடிப்படி இடம் மாறினால் காலம், பீம், ஃபுட்டிங் எல்லாமே மாறும். பழைய ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கை வைத்துக்கொண்டு, அதை அங்கே தள்ளிக்கலாம் என்று மேஸ்திரி வாய்வார்த்தையாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வாயு மூலையில் இப்போது படிக்கட்டின் ஃபுட்டிங்கும் செப்டிக் டேங்கும் இரண்டும் வருகின்றன, டேங்குக்குத் தோண்டும் பள்ளம் ஃபுட்டிங்குக்கு அடியில் மண்ணைச் சரியவிடக் கூடாது. மனையில் 5 அடி தோண்டிப் பார்த்து களிமண்ணா செம்மண்ணா என்று சொன்னால்தான் அவரால் கம்பி கணக்குப் போட முடியும். மாடி வரப் போகிறது என்பதையும் சேர்த்தே கணக்குப் போடச் சொல்லுங்கள். புது டிராயிங்குக்கு அவர் தனிக் கட்டணம் கேட்டால் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.